பெயரிடப்படாத மானை உலகுக்கு அடையாளம் காட்டிய பாதிரியார்: ஆர்மான் டேவிட்டின் வாழ்க்கை

சீனப் பேரரசரின் வேட்டைப் பூங்காவில், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் அடைபட்டிருந்த ஒரு மான் இனத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறிவியல் உலகம் அறிந்திருக்கவில்லை. அதனை முதன்முதலில் அடையாளம் கண்டு அறிவித்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி ஆர்மான் டேவிட். அவர் அனுப்பிய தோல்களைக் கொண்டே அந்த மானுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த 35 ஆண்டுகளுக்குள் சீன மண்ணிலிருந்து அந்த இனம் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோன நிலையில், அந்த அடையாளத்தின் பயனாக வெளிநாடுகளுக்குச் சென்றிருந்த சில மான்களே அதன் வழித்தோன்றல்களைக் காப்பாற்றின. இன்று ஆங்கிலத்தில் பாதிரியார் டேவிட்டின் மான் என்றும், சீன மொழியில் மீலு என்றும் அது அழைக்கப்படுகிறது.

தமிழில் மிளா என வழங்கும் கடமானுக்கும் இதற்கும் பெயரின் ஒலியில் மட்டுமே ஒற்றுமை உண்டு. இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

மருத்துவரின் மகன்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், பைரனீஸ் மலையடிவாரத்தில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் எஸ்பெலெட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1826-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி ஆர்மான் டேவிட் பிறந்தார். அவருடைய தந்தை மருத்துவர். இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபாடு கொண்டவர். மலைச்சரிவுகளில் நடப்பதும், பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் உற்று நோக்குவதும் மகனுக்கு இளமையிலேயே பழக்கமாயின.

1848-ஆம் ஆண்டு அவர் புனித வின்சென்ட் தே பால் நிறுவிய லாசரிஸ்ட் துறவற சபையில் சேர்ந்தார். சீனாவில் சமயப் பணியாற்ற வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. ஆனால் சபை அவரை இத்தாலியின் சவோனா நகரில் உள்ள கல்லூரிக்கு அனுப்பியது. அங்கு சுமார் 10 ஆண்டுகள் இயற்கை அறிவியல் கற்பித்த அவர், மாணவர்களுக்காக ஓர் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தையும் உருவாக்கினார். விலங்குகளின் தோலை உரித்துப் பதப்படுத்தவும், மாதிரிகளை வகைப்படுத்தவும் அவர் பெற்ற பயிற்சி பிற்காலத்தில் பெரிதும் உதவியது.

1860-ஆம் ஆண்டு இரண்டாம் அபினிப் போர் முடிவுக்கு வந்து பெய்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானபின், சீனாவின் உட்பகுதிகளில் வெளிநாட்டுப் பாதிரியார்கள் பணியாற்ற வழி திறந்தது. 1862-ஆம் ஆண்டு டேவிட் பெய்ஜிங் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய மாதிரிகள் பாரிசில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கவனத்தை ஈர்த்தன. அருங்காட்சியகத்தின் வேண்டுகோளை ஏற்ற சபைத் தலைமை, அறிவியல் பயணங்களை மேற்கொள்ள அவருக்கு அனுமதி அளித்தது.

நுழையக் கூடாத வேட்டைப் பூங்கா

பெய்ஜிங் நகருக்குத் தெற்கே நான்ஹாய்ட்சி என்னும் பரந்த சதுப்பு நிலப் பகுதி இருந்தது. யுவான் வம்ச காலம் முதல் மிங், சிங் வம்சங்களின் காலம் வரை அது பேரரசர்களின் வேட்டைக்களமாகப் பேணப்பட்டது. பல மைல் நீள மதில் சூழ்ந்த அப்பூங்காவைப் படைவீரர்கள் காவல் காத்தனர். வெளிநாட்டினர் உள்ளே செல்ல அனுமதி இல்லை. அங்குள்ள மானைக் கொல்வோருக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்பது நடைமுறை.

1865-ஆம் ஆண்டு டேவிட் அந்த மதிலுக்கு மேலாக உள்ளே பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட மான்கள் கொண்ட ஒரு மந்தை வெகு தொலைவில் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு மான் இனத்தை அடையாளம் காண்பதில் முதலில் நோக்கப்படுவது கொம்பு. கொம்பின் கிளைகள் எத்தனை, அவை எத்திசையில் வளர்கின்றன என்பதைக் கொண்டே வேட்டைக்காரர்களும் விலங்கியலாளர்களும் இனங்களைப் பிரித்தறிவர். அவர் பார்த்த வேளையிலோ அந்த மந்தையில் எந்த மானுக்கும் கொம்பு இல்லை. உடலமைப்பைக் கொண்டு பார்த்தால் வடநாடுகளில் வாழும் பெரிய எல்க் மானைப் போன்ற தோற்றமே அவருக்குத் தெரிந்தது.

எனினும் ஓர் அடையாளம் அவருடைய கவனத்திலிருந்து தப்பவில்லை. அந்த விலங்குகளின் வால் கழுதையின் வாலைப் போல நீண்டிருந்தது. பொதுவாக மான்களுக்கு வால் குட்டையானது. கொம்பு உதிர்ந்து வளரும். உடலின் நிறம் பருவத்துக்கேற்ப மாறும். வாலின் நீளம் அவ்வாறு மாறுவதில்லை. அந்த ஒரு குறிப்பைக் கொண்டே, தாம் பார்ப்பது அறிவியல் நூல்களில் இடம்பெறாத ஓர் இனம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சீனர்களுக்கு அது புதிய விலங்கு அன்று. மீலு என்ற பெயர் பழைய நூல்களிலேயே உண்டு. பொதுமக்கள் அதனைச் சிபுசியாங் என்றும் அழைத்தனர். நான்கினை ஒத்தும் ஒவ்வாதும் இருப்பது என்பது அதன் பொருள். மானின் கொம்பு, குதிரையின் முகம், மாட்டின் குளம்பு, கழுதையின் வால் ஆகியவற்றைக் கொண்டிருந்தும் அந்நான்கில் எதுவும் அன்று என்பது அப்பெயருக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று.

பேரரசருக்கும் எழுந்த ஐயம்

இந்த மானின் அடையாளம் குறித்து டேவிட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சீனப் பேரரசர் சியான்லுங் குழப்பம் அடைந்திருந்தார். குளிர்காலத்தில், பகல் மிகக் குறுகிய நாளை ஒட்டி மீலு கொம்பை உதிர்க்கும் எனப் பழைய சீன நாள்காட்டி குறிப்பிட்டிருந்தது. வேட்டையில் தேர்ந்த அந்தப் பேரரசருக்கோ, மஞ்சூரியக் காடுகளில் தாம் கண்ட மான்கள் அனைத்தும் கோடையிலேயே கொம்பை உதிர்ப்பவை என்பது தெரியும்.

1767-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவர் ஒருவரை நான்ஹாய்ட்சி பூங்காவுக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். அங்கிருந்த நீண்ட வால் மான்கள் அப்போதுதான் கொம்புகளை உதிர்த்திருந்தன. நாள்காட்டி குறிப்பிடும் விலங்கு எது என்பது அதன்பின் தெளிவாயிற்று. பேரரசர் அதுபற்றி ஒரு கட்டுரை எழுதியதுடன், நாள்காட்டியில் அவ்விலங்கின் பெயரையும் திருத்தச் செய்தார். வேட்டைக்காரரின் அனுபவ அறிவு மட்டும் போதாமல், நேரில் சென்று பார்த்துச் சரிசெய்யப்பட்ட அடையாளம் என்ற வகையில் இந்நிகழ்வு சிறப்பு வாய்ந்தது.

இரண்டு தோல்கள்

தொலைவிலிருந்து பார்த்ததை மட்டும் கொண்டு ஒரு விலங்கைப் புதிய இனமாக அறிவியல் ஏற்றுக்கொள்ளாது. தோலும் எலும்பும் தேவை. பூங்காவின் காவலர்கள் சில வேளைகளில் மான்களை மறைவாகக் கொன்று இறைச்சியை உண்பதும், கொம்புகளை நகரில் விற்பதும் உண்டு என்பதை டேவிட் அறிந்தார். பல முயற்சிகள் பலனளிக்காத நிலையில், பணம் கொடுத்துக் காவலர்கள் வழியாகவே அவர் மாதிரிகளைப் பெற்றார். 1866-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டு தோல்கள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன.

அவை கிடைத்த வழி சட்டத்துக்குப் புறம்பானது. பிடிபட்டிருந்தால் காவலர்கள் உயிரை இழந்திருப்பர். டேவிட்டின் வாழ்க்கையை எழுதுவோர் எவரும் இதனை மறைப்பதில்லை. அக்காலத்து இயற்கை ஆராய்ச்சி பெரும்பாலும் துப்பாக்கியையும், உள்ளூர் வேட்டைக்காரர்களின் துணையையும் சார்ந்தே நடந்தது. டேவிட்டும் துப்பாக்கி ஏந்திப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர்தான்.

பாரிசுக்கு அனுப்பப்பட்ட தோல்களை ஆராய்ந்த விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ், 1866-ஆம் ஆண்டிலேயே அந்த மானை ஒரு தனிப் பேரினமாக வகைப்படுத்தினார். எலாபூரஸ் டேவிடியானஸ் என்பது அதற்குச் சூட்டப்பட்ட அறிவியல் பெயர். மான், வால் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே முதற்சொல். பிற்சொல் டேவிட்டின் பெயரைத் தாங்கியது. மதிலுக்கு மேலிருந்து அவர் கண்ட வாலே இனத்தின் பெயராகவும் அமைந்தது.

கொம்பின் அமைப்பும் பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. புள்ளிமான், கடமான் போன்றவற்றின் கொம்பில் அடிப்பகுதியிலிருந்து ஒரு கிளை நெற்றிக்கு மேலாக முன்னோக்கி வளரும். மீலுவுக்கு அந்தக் கிளை இல்லை. கொம்பின் முன்தண்டு மேல்நோக்கிச் சென்று கிளைகளாகப் பிரிய, நீண்ட பின்கிளை முதுகை நோக்கி நேராக நீள்கிறது. கொம்பைத் திருப்பி வைத்தது போன்ற தோற்றத்தை இது தருகிறது. அகன்று விரியும் குளம்புகள் சேற்றில் புதையாமல் நடக்க உதவுகின்றன. நன்றாக நீந்தக்கூடிய இவ்விலங்கு புல்லையும் நீர்த் தாவரங்களையும் உண்டு வாழ்கிறது. சீனாவின் தாழ்நிலச் சதுப்புகளே அதன் இயற்கை வாழிடம். அந்நிலங்கள் வயல்களாக மாற்றப்பட்டதாலும் வேட்டையாலும் அது நெடுங்காலத்துக்கு முன்பே அருகிப்போய், இறுதியில் பேரரசரின் பூங்காவில் மட்டும் எஞ்சியது.

மலைக்காட்டில் மற்றொரு கண்டுபிடிப்பு

டேவிட் மூன்று பெரும் பயணங்களை மேற்கொண்டார். 1866-ஆம் ஆண்டு மங்கோலியப் பகுதிக்கும், 1868 முதல் 1870 வரை மேற்குச் சீனாவின் மலைப்பகுதிகளுக்கும், 1872 முதல் 1874 வரை நடுச் சீனாவுக்கும் சென்றார்.

இரண்டாவது பயணமே அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. இன்றைய சிச்சுவான் மாகாணத்தின் பவ்சிங் பகுதியில், அன்று மூபிங் எனப்பட்ட மலைநாட்டில் அவர் தங்கியிருந்தார். 1869-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஒரு நில உரிமையாளரின் வீட்டில் கருப்பும் வெள்ளையுமான கரடித் தோல் ஒன்றைக் கண்டார். உடனே உள்ளூர் வேட்டைக்காரர்களை அமர்த்தினார். மார்ச் 23-ஆம் தேதி அவர்கள் ஓர் இளம் விலங்கைக் கொண்டுவந்தனர். உயிருடன் பிடிபட்ட அதனைத் தூக்கிச் செல்வதற்கு எளிதாக இருக்கும் என்று வழியிலேயே கொன்றிருந்தனர். அதுவே பாண்டா கரடி.

டேவிட் அதனைக் கரடி இனம் என்றே குறித்தார். பாரிசில் எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்தவர்கள் சிவப்புப் பாண்டாவுக்கு நெருக்கமானது எனக் கருதி வேறு பேரினத்தில் வைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அந்த விவாதத்தில், மரபணு ஆய்வுகள் இறுதியில் பாண்டாவைக் கரடிக் குடும்பத்திலேயே சேர்த்தன. காட்டில் நின்று தோலைப் பார்த்தவரின் கணிப்பு சரியாக இருந்தது.

அதே மூபிங் மலைகளிலிருந்து அவர் மற்றொரு மானையும் அனுப்பிவைத்தார். நெற்றியில் அடர்ந்த கருமயிர்க் குடுமியும், வாயிலிருந்து வெளியே நீளும் சிறு கோரைப் பற்களும் கொண்டது அது. ஆண் மானின் கொம்புகள் மிகச் சிறியவை. குடுமிக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவே கொம்பைத் தேடும் வேட்டைக்காரர் கண்ணுக்கு ஆணும் பெண்ணாகவே தோன்றக்கூடும். குடுமி மான் எனப்படும் இதற்கும் இந்தியக் காடுகளில் வாழும் கேளையாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தங்க நிறக் குரங்கு ஒன்றும், வெண்ணிறக் கைக்குட்டைகள் தொங்குவது போலப் பூக்கும் டேவிடியா மரமும் அவர் வழியாகவே அறிவியலுக்கு அறிமுகமாயின.

காடுகள் அழிவது கண்ட கவலை

பயணங்களின் போது டேவிட் எழுதிவந்த நாட்குறிப்புகள் பின்னர் நூல்களாக வெளிவந்தன. புதிய இனங்களின் பட்டியல் மட்டும் அவற்றில் இல்லை. மலைகள் வேகமாக மரமற்றுப் போவதையும், வேட்டையால் விலங்குகள் குறைவதையும் அவர் வருத்தத்துடன் பதிவு செய்தார். மனிதனின் உடனடித் தேவைக்காக அழிக்கப்படும் உயிரினங்களை மீண்டும் உருவாக்க இயலாது என்ற எண்ணம் அவரிடம் வலுவாக இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்ற கருத்து பரவலாவதற்கு முன்பே இவ்வாறு எழுதிய சிலருள் அவரும் ஒருவர்.

கடும் நோயால் உடல்நலம் குன்றிய அவர் 1874-ஆம் ஆண்டு பிரான்சுக்குத் திரும்பினார். பறவையியலாளர் எமீல் உஸ்தலேயுடன் இணைந்து அவர் எழுதிய சீனப் பறவைகள் பற்றிய நூல் 1877-ஆம் ஆண்டு வெளிவந்தது. எஞ்சிய காலத்தைப் பாரிசில் உள்ள தமது சபையின் இல்லத்தில் ஆசிரியராகக் கழித்தார்.

வெள்ளமும் போரும்

டேவிட்டின் அறிவிப்புக்குப் பின் ஐரோப்பிய நாடுகளின் தூதரகங்கள் அந்த மானைப் பெறுவதில் ஆர்வம் காட்டின. சீன அரசின் இசைவுடன் சில மான்கள் உயிருடன் ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்து, பல நகரங்களின் உயிரியல் பூங்காக்களில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கின. அப்போது அவை வெறும் காட்சிப் பொருள்களாகவே கருதப்பட்டன.

1890-களின் நடுவில் யுங்திங் ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் நான்ஹாய்ட்சி பூங்காவின் மதிலை உடைத்தது. மான்கள் வெளியேறின. பஞ்சத்தில் வாடிய மக்கள் அவற்றை வேட்டையாடி உண்டனர். எஞ்சிய சிலவும் 1900-ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சியின் போது பெய்ஜிங்கைச் சூழ்ந்த படைகளின் கையில் சிக்கின. அவற்றைச் சீனாவில் காப்பாற்ற எவராலும் இயலவில்லை. அதே ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி, 74-ஆம் வயதில், ஆர்மான் டேவிட் பாரிசில் காலமானார்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் ஹெர்பிராண்ட் ரசல், ஐரோப்பியப் பூங்காக்களில் தனித்தனியே இருந்த மான்களை வாங்கித் தமது ஊபர்ன் தோட்டத்தில் ஒன்றுசேர்த்தார். அவற்றின் எண்ணிக்கை 18. உலகில் இன்றுள்ள இந்த இனம் முழுவதும் அந்தச் சிறு மந்தையின் வழிவந்ததே. முதல் உலகப் போர்க் காலத்தின் உணவுத் தட்டுப்பாட்டில் மந்தை கணிசமாகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஒரே இடத்தில் நோயோ குண்டுவீச்சோ முழு இனத்தையும் அழித்துவிடக்கூடும் என்ற அச்சத்தால், மான்கள் பல நாடுகளின் பூங்காக்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன.

தாயகம் திரும்பிய மான்கள்

1985-ஆம் ஆண்டு பெட்ஃபோர்டு குடும்பம் சுமார் 20 மான்களைச் சீனாவுக்கு அளித்தது. அவை விடப்பட்ட இடம் பழைய நான்ஹாய்ட்சி பூங்காவின் நிலமே. மறு ஆண்டில் பிரிட்டனிலிருந்து 39 மான்கள் ஜியாங்சு மாகாணத்தின் தாஃபெங் கடலோரச் சதுப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1998-ஆம் ஆண்டு யாங்சி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது ஹூபெய் மாகாணக் காப்பகத்திலிருந்து சில மான்கள் தப்பிச் சென்று, தாமாகவே காட்டு மந்தைகளாக நிலைபெற்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் இனத்தை அழித்த வெள்ளம், இம்முறை அதனைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பியது. சீனாவில் அவற்றின் எண்ணிக்கை தற்போது பத்தாயிரத்தைக் கடந்துள்ளது. எனினும் மிகக் குறைந்த மான்களிலிருந்து பெருகிய இனம் என்பதால் மரபணு வேறுபாடு குன்றியே உள்ளது.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றுடன் ஓர் உறவு உண்டு. தாய்வழி மரபணுக்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், மீலுவுக்கு நெருங்கிய உறவினமாக எல்ட் மான் என்னும் இனத்தைக் குறிப்பிடுகின்றனர். மணிப்பூர் மாநில விலங்கான சங்காய் அந்த இனத்தைச் சேர்ந்தது. அதுவும் சதுப்பு நில வாழ்வுக்கு ஏற்ற மான். அதுவும் அழிந்துவிட்டதாகவே ஒருமுறை கருதப்பட்டது. 1975-ஆம் ஆண்டு வான்வழிக் கணக்கெடுப்பில் லோக்டாக் ஏரிப் பகுதியில் கண்ணில் பட்டவை 14 மட்டுமே. அதன் வாழிடமான கைபுல் லம்ஜாவ் 1977-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சங்காய் தன் சொந்தச் சதுப்பிலேயே காக்கப்பட்டது. மீலுவுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

ஓர் உயிரினத்துக்குப் பெயரிடுவது மட்டும் அதனைக் காப்பாற்றிவிடாது என்பதை மீலுவின் வரலாறு காட்டுகிறது. ஆனால் 1865-ஆம் ஆண்டு அந்த மந்தையை ஏதோ ஒரு வகை எல்க் மான் என்று எண்ணி டேவிட் கடந்து சென்றிருந்தால், ஐரோப்பியத் தூதரகங்கள் அதனைக் கேட்டுப் பெற்றிருக்கக் காரணம் இராது. ஊபர்னில் ஒன்றுசேர்க்க மான்களும் இருந்திரா. பண்டைச் சீன நூல்கள் குறிப்பிட்ட நீண்ட வால் மான் இன்று யாங்சிச் சமவெளியின் நாணல் நிலங்களில் மீண்டும் மேய்கிறது.